செயின்ஷா மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது? மரத்தில் ஏறும் சாமான்களுக்கும் சேர்த்து ஒரு வழிமுறை

ஐப்பசி பிறக்கப்போகிறது என்றால் சென்னையில் செயின்ஷாக்களுக்கு வேலை வந்துவிடும். மழைக்கு முன்னால் கிளை கழிக்கிறவர்கள், அபார்ட்மென்ட் பராமரிப்பு பார்க்கிறவர்கள், தோட்ட வேலை எடுத்துச் செய்கிறவர்கள் என எல்லோரும் ஒரே நேரத்தில் மெஷினை வெளியே எடுப்பார்கள். பலருக்கு அது ஸ்டார்ட் ஆகாது. உடனே ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கார்பரேட்டர் திருகைத் திருப்ப ஆரம்பிப்பார்கள். அதுதான் கடைசியாகத் தொடவேண்டிய இடம். பெட்ரோல், காற்று, பிளக், செயின் ஆகிய நாலையும் பார்த்துவிட்டாலே பெரும்பாலான கோளாறுகள் அங்கேயே தீர்ந்துவிடும். செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், செலவு வைக்கும் காரணத்தைப் பிறகு பாருங்கள்.

மேலே ஏறும் கயிறு, பெல்ட், கொக்கி விஷயத்தில் இந்த முறை செல்லாது. அங்கே பழுது பார்க்கிற பேச்சே இல்லை. சந்தேகம் வந்தால் கழித்துவிட வேண்டியதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எதைத் தொடுவதற்கு முன்பும் ஸ்விட்சை அணைத்து, பிளக் தொப்பியைக் கழற்றிவிடுங்கள். செயினில் கை வைப்பதென்றால் கையுறை கட்டாயம்.

இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தது, ஸ்டார்ட் ஆகவில்லை

ஸ்விட்ச் ஆன் பக்கம் இருக்கிறதா, டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள், சர்வீஸ் கடைக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். இரண்டும் சரி என்றால் பிளக்கைக் கழற்றுங்கள்.

பிளக் நனைந்து பெட்ரோல் வாடையோடு வந்தால், உள்ளே எரிபொருள் அளவுக்கு மீறி ஏறிவிட்டது. சோக் போட்டு இழுக்கும்போது முதலில் 'டுப்' என்று ஒரு சத்தம் வரும். அதைக் கவனிக்காமல் சோக்கிலேயே இழுத்துக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். சோக்கை எடுத்துவிட்டு, ஸ்விட்ச் அணைந்தே இருக்க, பிளக் ஓட்டை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து ஏழெட்டு முறை இழுங்கள். உள்ளே தேங்கியது வெளியே வந்துவிடும். பிளக்கைத் துடைத்து, இடைவெளி 0.5 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துப் பூட்டுங்கள். மறுபடியும் நனைந்துதான் வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் புதுப் பிளக் போட்டுப் பாருங்கள். பையில் எப்போதும் ஒரு பிளக் இருப்பது நல்லது.

பிளக் காய்ந்து வந்தால் எரிபொருள் மேலே வரவில்லை. ஒரு கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரை வெளியே இழுங்கள். அழுக்கேறி இறுகிப்போயிருந்தால் மாற்ற வேண்டும். அதோடு வரும் ரப்பர் குழாயை மடக்கிப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் அதுவும் போயிற்று. இரண்டுமே விலை குறைந்த சாமான்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பெட்ரோலையே சந்தேகப்படுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேங்க் ஃபில்டரும் அடியில்தான் கிடக்கிறது. பெட்ரோலில் கலக்கும் டூ-டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிட, என்ஜினுக்குப் போவது ஆயில் இல்லாத தண்ணீர்க் கலவை. ஸ்டார்ட் ஆகாமல் இருந்தால் அதிர்ஷ்டம், ஆகிவிட்டால் பிஸ்டனுக்குக் கேடு.

கண்டுபிடிப்பது எளிது. டேங்கில் உள்ளதை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றிச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் ஒரு கோடு பிரிந்து, கோட்டுக்குக் கீழே நிறம் வெளிறியோ கலங்கலாகவோ தெரிந்தால் அவ்வளவையும் வெளியேற்றிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். கோடு தெரியாவிட்டாலும், ஒரு மாதத்துக்கு மேல் கிடந்த கலவையை நான் நம்புவதில்லை. வாடையே மாறியிருக்கும், பழைய வார்னிஷ் மாதிரி அடிக்கும்.

கலவை அளவு: கம்பெனி சொல்லும் உயர்தர டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் பொதுவாக 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சாதாரண ஆயில் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி என்று பல கையேடுகள் சொல்லும். உங்கள் கையேட்டில் உள்ளதே முடிவு. மருந்துக்கடையில் கிடைக்கும் சிரிஞ்சால் அளந்து ஊற்றுங்கள், கண்ணளவு வேண்டாம். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று எழுதியிருக்கும் மெஷின்களும் நிறைய உண்டு. அப்படிப்பட்டவற்றை வாரக்கணக்கில் சும்மா வைப்பதாக இருந்தால் டேங்கைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். இல்லையென்றால் கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ரப்பர் சவ்வு இறுகிப்போகும். அப்புறம் எத்தனை இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது, சவ்வு கிட் மாற்றியே தீர வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்விட்ச் அணைந்திருக்க, பிளக் பூட்டியிருக்க, மெஷினை ஸ்டார்ட்டர் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். மெஷின் கனத்துக்குக் கயிறு தடுக்காமல் சரசரவென்று இறங்கினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) போய்விட்டது. சைலன்சரைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தால் பிஸ்டனில் நெடுக்குக் கீறல்கள் தெரியலாம். இனி அது சர்வீஸ் கடை வேலை. மெஷினின் விலையையும் பழுதுக் கூலியையும் ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.

பத்து நிமிடம் ஓடுகிறது, அப்புறம் தானாக நின்றுவிடுகிறது

நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, மறுபடி ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், வராவிட்டால் கார்பரேட்டரால் பெட்ரோலை இழுக்க முடியாது. துளையைச் சுத்தம் செய்யுங்கள், அல்லது வால்வை மாற்றுங்கள்.

அக்னி நட்சத்திர வெயிலில் இன்னொன்று நடக்கும். நன்றாக ஓடிய மெஷினை அணைத்து வெயிலில் வைத்துவிட்டு டீ குடித்து வந்தால் ஸ்டார்ட் ஆகாது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயில் குமிழியிட்டிருக்கும். நிழலில் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள், பிரைமர் பல்ப் இருந்தால் நாலைந்து முறை அமுக்குங்கள், சோக் போடாமல் இழுங்கள். ஆறிய பிறகும் இதே கதை என்றால் இக்னிஷன் காயிலைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

ஐடிலில் சரி, ரேஸ் கொடுத்தால் அடங்கிவிடுகிறது

ஏர் ஃபில்டரைத் தட்டி, கழுவி, காயவைத்து மாட்டுங்கள். பெரும்பாலும் இதுதான். சைலன்சர் வாயில் ஒரு சிறு வலை இருக்கும் மாடல்களில் அது கரி பிடித்து அடைத்திருக்கும், பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும்.

இரண்டும் சுத்தம் என்றால்தான் கார்பரேட்டர். 'எல்' திருகு குறைந்த வேகத்துக்கு, 'ஹெச்' அதிக வேகத்துக்கு. முழு ரேஸில் கீச்சென்று கூர்மையான சத்தம் வந்தால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். எத்தனால் கூடிய பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம் வரும். கீச்சென்று கத்தும் மெஷின் வேகமாக அறுப்பது போலத் தோன்றும், ஆனால் உள்ளே பிஸ்டன் வெந்துகொண்டிருக்கும். டேக்கோமீட்டர் (என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) இல்லாமல் ஹெச் திருகை உள்ளே முறுக்காதீர்கள்.

ரேஸ் விட்டபிறகும் செயின் சுற்றுகிறது

வேலையை நிறுத்துங்கள். ஐடில் வேகம் கூடியிருந்தால் 'டி' அல்லது 'எல்ஏ' என்று போட்டிருக்கும் திருகை செயின் நிற்கும்வரை குறையுங்கள். நிற்கவில்லை என்றால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, மாற்றாமல் ஓட்டக்கூடாது. செயின் பிரேக்கையும் அப்படியே சோதியுங்கள்: ரேஸ் கொடுத்து முன் கைக்காப்பைத் தள்ளினால் செயின் அந்தக் கணமே நிற்க வேண்டும். மெதுவாக நிற்கிறது என்றால் அந்த மெஷின் மரத்துக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது.

சத்தம் பிரமாதம், அறுக்கத்தான் மாட்டேன் என்கிறது

கீழே விழும் தூளைக் கையில் அள்ளிப் பாருங்கள். சீவல் சீவலாக இருந்தால் செயின் கூர்மையாக இருக்கிறது. மாவாகக் கொட்டினால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினைத்தான் ஆட்கள் பலம் கொடுத்து அமுக்குவார்கள். பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) சூடேறும், புகை வரும், கை தளரும், கடைசியில் பழி என்ஜின் மேல் விழும்.

செயினை வெயிலில் காட்டிப் பாருங்கள். மழுங்கிய பல்லின் முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று மின்னும். கூரான முனையில் வெளிச்சம் பட்டுத் திரும்ப இடமே இல்லை, அதனால் எதுவும் மின்னாது. அந்தக் கோடு மறையும்வரை அரம் போட வேண்டும், அதற்கு மேல் ஒரு இழுப்பும் வேண்டாம்.

அரம் உருண்டை அரமாக, செயினுக்குப் பொருந்தும் தடிமனில் இருக்க வேண்டும். சிறு மெஷின்களில் வரும் தாழ்வான 3/8 அங்குலச் செயினுக்கு (இந்த அங்குலம் கண்ணிகளின் இடைவெளி அளவு) 4 மி.மீ., 0.325 அங்குலத்துக்கு 4.8 மி.மீ., பெரிய 3/8-க்குக் கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. கோணம் பொதுவாக 30 டிகிரி. உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். எந்தப் பல் மிகவும் தேய்ந்திருக்கிறதோ அதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அளவு.

அரம் போட்டும் அறுக்கவில்லையா? ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சிறு மேடு இருக்கும், டெப்த் கேஜ் என்பார்கள். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பல் தேயத் தேய மேடு உயர்ந்து நின்றுவிடும், பல் மரத்தைத் தொடவே தொடாது. பொதுவாக 0.65 மி.மீ. வித்தியாசம் இருக்க வேண்டும். அளவுத்தகட்டை வைத்துத் தட்டை அரத்தால் குறையுங்கள். கூடுதலாகக் குறைத்துவிட்டால் செயின் மரத்தை அள்ளிக் கடித்து மெஷினை முகத்துக்கு நேரே எறியும், ஜாக்கிரதை.

புதுச் செயின் மாட்டிய அன்றே அறுக்கவில்லை என்றால், திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். மேல்பக்கப் பற்களின் வெட்டு முனை பாரின் நுனியை நோக்கி இருக்க வேண்டும்.

இந்த ஊர் மரங்கள் செயினுக்குக் கொடுக்கும் தொல்லை தனி. தென்னையின் வெளிச்சுற்று கல் மாதிரி, அதில் உள்ள சிலிக்கா பல்லைத் தின்றுவிடும். அதன் நார் கிளட்ச் மூடிக்குள் சுற்றிக்கொண்டு ஆயில் வழியையும் அடைக்கும். தென்னை வேலை முடிந்ததும் மூடியைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் மெஷினை வைக்காதீர்கள். சாலையோர மரங்களில் விளம்பரப் பலகை ஆணி, சீரியல் லைட் கம்பி, கேபிள் கொக்கி எல்லாம் பட்டைக்குள் புதைந்திருக்கும். நெஞ்சுயரத்திலிருந்து ஏணி எட்டும் உயரம்வரை பட்டையில் கறுப்பு வடு, வீக்கம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டு வெட்டுங்கள். திடீரென்று தீப்பொறி பறந்து, ஒரு பக்கப் பற்கள் மட்டும் சிதைந்திருந்தால் அது ஆணிதான்.

வெட்டு நேராகப் போகாமல் வளைகிறது

ஒரு பக்கப் பற்கள் மறுபக்கத்தைவிடக் குட்டையாகவோ மழுங்கலாகவோ இருக்கின்றன. வலது கைக்காரர்களுக்கு ஒரு பக்கம் அரம் நன்றாகப் போகும், மறுபக்கம் சோம்பும். பற்களைச் சமப்படுத்தியும் வளைந்தால் பாரின் இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரம் போடும் ஒவ்வொரு முறையும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இந்தத் தேய்மானம் ஒரே பக்கம் சேராது.

பார் புகைகிறது, செயின் கழன்றுவிடுகிறது

பார் நுனியைப் பழைய செய்தித்தாளுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்து ரேஸ் கொடுங்கள். தாளில் ஆயில் கோடு விழ வேண்டும். விழவில்லை என்றால் பாரின் ஆயில் துளையும் பள்ளமும் அடைத்திருக்கும், மெல்லிய கம்பியால் சுரண்டுங்கள். ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்போது ஆயில் டேங்கும் ஏறக்குறையத் தீர வேண்டும். ஆயில் குறையாமல் நின்றால் ஆயில் போகவில்லை என்பதே பொருள். பைக்கிலிருந்து வடித்த கறுப்பு ஆயிலை ஊற்றும் பழக்கத்தை விடுங்கள். அதில் உலோகத் துகள் இருக்கிறது, பம்ப் தேயும், மேலே தெறித்தால் தோலுக்கும் கெடுதி.

செயின் பாரின் அடியில் தொங்கக்கூடாது, ஆனால் கையால் இழுத்தால் ஓட வேண்டும். சூட்டில் நீளும், அப்போது இறுக்கலாம். வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள், ஆறும்போது அது சுருங்கி பேரிங்கை இழுக்கும். சரியாக இறுக்கியும் கழன்றால் ஸ்பிராக்கெட்டை, அதாவது செயினை ஓட்டும் பல்சக்கரத்தைப் பாருங்கள். பள்ளம் 0.5 மி.மீ. விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் போடுவது காசைக் கரைப்பது. பெசன்ட் நகர், திருவான்மியூர், காசிமேடு பக்கம் வேலை செய்கிறவர்கள் செயினைக் கழற்றி ஆயிலில் ஊறப்போட்டு வையுங்கள், உப்புக்காற்றில் ஒரே ராத்திரியில் துரு பூத்துவிடும்.

பார் மரத்துக்குள் மாட்டிக்கொண்டது

என்ஜினை அணையுங்கள். ஓடவிட்டு இழுத்தால் பார் வளையும். ஆப்பு அடித்து வாய் திறங்கள், இல்லையென்றால் கைரம்பத்தால் சற்றுத் தள்ளி வெட்டி விடுவியுங்கள்.

மாட்டிக்கொண்டதன் காரணம் மரம் எங்கே அமுங்குகிறது, எங்கே இழுபடுகிறது என்று பார்க்காததுதான். இரண்டு முனையும் தாங்கி நிற்கும் கிளையில் மேல்பக்கம் அமுங்கும்: மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு வெட்டி, மீதியைக் கீழிருந்து வெட்டுங்கள். ஒரு முனை தொங்கினால் கீழ்ப்பக்கம் அமுங்கும்: முதலில் கீழே, பிறகு மேலே. 2016 டிசம்பரில் வர்தா அடித்துச் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும் மரங்களில் எந்தக் கிளை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சட்டெனச் சொல்ல முடியாது. அவசரம் வேண்டாம்.

இனி மேலே போகும் சாமான்கள்

ஏறும்போது கயிறு வழுக்குகிறது, முடிச்சு பிடிக்கவில்லை: பிரதான கயிற்றைச் சுற்றிக் கவ்வும்படி முடிச்சு போடும் சிறு கயிறுதான் முடிச்சுக் கயிறு. அது பிரதான கயிற்றைவிட மெலிந்திருக்க வேண்டும். சமமாக இருந்தால் கவ்வாது. புதிதாக இருந்தாலும் நனைந்தாலும் வழுக்கும், ஒரு சுற்று கூடப் போடுங்கள். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் முழு எடையோடு உட்கார்ந்து, அது பிடிக்கிறது என்று கண்ட பிறகே மேலே போங்கள். முடிச்சுக் கயிற்றின் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்து விறைத்திருந்தால் அது ஏற்கெனவே உராய்வில் உருகியிருக்கிறது. வெட்டி எறியுங்கள்.

கயிற்றைக் கையில் வளைத்தால் ஓரிடத்தில் மட்டும் தட்டையாக மடங்குகிறது, அல்லது புடைப்பு தட்டுப்படுகிறது: உள் இழை போயிற்று. வெளியுறை எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் கழியுங்கள். "அண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்று கீழே நிற்கிற தம்பி சொல்வான். மேலே தொங்கப்போவது அவனில்லை.

பாரிமுனையில் கிலோ கணக்கில் விற்கும் நீல, மஞ்சள் கயிறுகளில் ஆள் ஏறக்கூடாது. நைலான் கயிறு என்று கேட்டால் பெரும்பாலும் கொடுப்பது பாலிப்ரொப்பிலீன். ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் வகை. நைலானும் பாலியெஸ்டரும் மூழ்கும். மிதப்பது சுமார் 165 டிகிரியிலேயே உருகும், வெயிலிலும் சீக்கிரம் உளுத்துப்போகும். வெட்டிய கிளையைக் கட்டி இழுக்க அது போதும். ஏறுவதற்கு இஎன் 1891 (ஐரோப்பியத் தர எண்) 'ஏ' வகை என்று லேபிள் போட்ட, 11 முதல் 13 மி.மீ. தடிமனுள்ள உறைக்கயிறு வேண்டும். அந்தத் தரத்தில் கயிறு குறைந்தது 22 கிலோநியூட்டன், அதாவது சுமார் 2,200 கிலோ எடை தாங்க வேண்டும். முடிச்சு போட்டால் அந்தத் தாங்குதிறன் கணிசமாகக் குறைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கயிற்றில் வேப்பம்பிசின், மாம்பால் ஒட்டியிருந்தால் குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்பு போட்டு அலசி, நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோல், தின்னர், பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. பேட்டரி ஆசிட் பட்டிருக்குமோ என்று தோன்றினாலே போதும், கழித்துவிடுங்கள். வண்டியின் டிக்கியில் பழைய பேட்டரிக்குப் பக்கத்தில் கயிற்றைச் சுருட்டி வைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

காராபைனர் (கயிற்றையும் பெல்ட்டையும் இணைக்கும் கொக்கி) வாய் தானாக மூடவில்லை: மணலும் உப்பும் பிசினும்தான் காரணம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்ந்தபின் உலர் லூப்ரிகன்ட் விடுங்கள். தேங்காயெண்ணெய் விட்டால் தூசி இன்னும் ஒட்டும். கழுவியும் மூடவில்லை என்றாலும், கயிறு ஓடிய இடத்தில் நகம் சிக்கும் பள்ளம் விழுந்திருந்தாலும் அதை மறந்துவிடுங்கள்.

பெல்ட்டில் தொங்கினால் கால் மரத்துப் போகிறது: பெரும்பாலும் தப்பான பெல்ட். கட்டட வேலைக்கு விற்கும், முதுகில் வளையம் உள்ள ஹார்னஸ், ஐஎஸ் 3521 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தாலும் விழுந்தால் தாங்குவதற்குத்தான். அதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. அசையாமல் தொங்கினால் கால் ரத்தம் மேலே திரும்பாமல் சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். மரவேலைக்கு இடுப்பிலும் தொடையிலும் அகலப் பட்டையும், முன்னால் இணைப்பும், இரு பக்கம் வளையங்களும் உள்ள உட்காரும் வகை வேண்டும். அதிலும் கால் மரத்தால் தொடைப்பட்டையைச் சரிசெய்யுங்கள், தீராவிட்டால் இறங்குங்கள்.

மேலே மெஷினை ஓட்டும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், அதில் ஒன்று, உள்ளே கம்பி ஓடும் லேன்யார்டாக (பெல்ட்டை மரத்தோடு கட்டும் குட்டைக் கயிறாக) இருக்க வேண்டும். அந்தக் கம்பியும் செயின் வெட்டுக்கு எதிரான முழுக் காப்பு இல்லை. மேல்பக்கத்தில் கைப்பிடி உள்ள சிறு மெஷின் பயிற்சி பெற்ற ஏறுபவர்களுக்கு மட்டும். தரையில் அதை எடுத்து ஒற்றைக் கையில் வெட்டுகிற ஆட்களைப் பார்த்தால் வாங்கி வைத்துவிடுங்கள். முருங்கையிலும் குல்மோகரிலும் நங்கூரம் போடாதீர்கள் (உங்களைத் தாங்கும் கயிற்றைக் கட்டாதீர்கள்), கிளை சொல்லாமல் முறியும். வேம்பும் புளியும் நம்பலாம், பொந்தும் பூஞ்சையும் இல்லை என்றால். மாமரத்தில் ஏறுமுன் முசுறுக் கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். ஈபி லைன் பக்கத்தில் போகிறது என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லி இணைப்பைத் துண்டிக்கும்வரை ஏறவே வேண்டாம். பச்சைக் கிளையும் நனைந்த கயிறும் மின்சாரம் கடத்தும்.

வாங்கும்போது லேபிளில் தயாரிப்புத் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பெனிகள் துணிச் சாமான்களுக்கு அதிகபட்சம் 10 வருடம் என்கின்றன, அதுவும் பெட்டிக்குள் இருந்தால். நம் வெயிலில் தினமும் புழங்கும் கயிற்றுக்கு அதில் பாதிகூட நான் கொடுக்கமாட்டேன். கழித்த கயிற்றை முழுசாகக் குப்பையில் போடாதீர்கள், வாட்ச்மேன் எடுத்து வைப்பார், அடுத்து வரும் தேங்காய் பறிக்கிறவருக்குக் கொடுத்துவிடுவார். இரண்டு இரண்டு அடித் துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள்.